ஸ்வால்பார்ட் இருட்டில் கேமரா: குளிரைவிட ஈரம்தான் தொல்லை

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் உள்ள லாங்யியர்பியன் ஊர் 78 பாகை வடக்கில் இருக்கிறது. அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் அங்கே மறுபடி தலைகாட்டுவது பிப்ரவரி நடுவில்தான். அந்த இருட்டில் துருவ ஒளியை (அரோரா) படமெடுக்கப் பல பருவங்கள் உழைத்த கருவிகள் இவை: ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா, 20 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், கார்பன் ஃபைபர் முக்காலி, யுஎஸ்பியில் சூடாகும் லென்ஸ் பட்டை.

மைனஸ் 20 உலர்ந்த குளிர். பேட்டரிகளை உள்சட்டைப் பையில் வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் சமாளித்துவிடலாம். இப்போது நடுக்குளிர்காலத்திலேயே மழை பெய்கிறது. பெய்த மழை பனிமேல் உறைந்து தரை கண்ணாடியாகிவிடுகிறது. கருவிகள் கெடுவதும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான்.

முதலில் மாட்டிக்கொள்வது முக்காலி. திருகுப் பூட்டுக்குள் ஈரம் இறங்கி, சில மணி நேரத்தில் மைனஸ் 10-க்குப் போனால், நீட்டிய கால் நீட்டியபடியே இறுகிவிடும். பலங்கொண்டு திருகினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சில்லு உடையும். அடிக்காலை இழுக்காமல் மேல் கால்களை மட்டும் நீட்டுவது நல்லது. அறைக்கு வந்ததும் பூட்டுகளைக் கழற்றித் துடைத்துக் காயவைக்க வேண்டும். ரப்பர் பாதம் வழுக்கும், கூர்முனை கட்டாயம்.

இந்தத் தொகுப்பில் மிக உபயோகமானது சூடாக்கும் பட்டைதான். லென்ஸில் பனி படிந்தபின் போட்டால் பலன் குறைவு, வெளியே வந்தவுடனே இயக்கிவிட வேண்டும். சூட்டில் ஃபோகஸ் சற்று நகரும். அதனால் கால் மணி நேரம் விட்டு, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, வளையத்தை டேப்பால் ஒட்டிவிடலாம். சாதாரண யுஎஸ்பி ஒயர் குளிரில் விறைத்து கனெக்டரை நெம்பும். சிலிகோன் உறை போட்டது வளைந்துகொடுக்கும்.

யுவி ஃபில்டரைக் கழற்றியே ஆக வேண்டும். துருவ ஒளியின் பச்சை 557.7 நானோமீட்டர் என்ற ஒற்றை அலைநீளம். ஃபில்டரின் இரு பரப்புகளுக்கிடையே அது எதிரொளித்து, படத்தின் நடுவே வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள் விழும். கேமராவின் சின்னத் திரையில் இது தெரியாது, வீட்டில் திறந்து பார்க்கும்போதுதான் தெரியும்.

வேகமாக ஆடும் ஒளிக்கு 1 முதல் 3 விநாடி, மெதுவானதற்கு 6 வரை, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குத் திரை எப்போதும் வெளிச்சமாகவே தோன்றும். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை மட்டும் நம்புங்கள். நண்பகலிலும் வெளியே போய்ப் பாருங்கள். பகல்பக்கத் துருவ ஒளியை வெறும் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் அரிய இடம் இது. அதில் சிவப்பு தூக்கலாக இருக்கும். பூமியின் காந்தப்புலக் கலக்கத்தை அளக்கும் கேபி (Kp) எண் ஏறினால், துருவத்தைச் சுற்றியிருக்கும் ஒளிவளையம் தெற்கே இறங்கிவிடும் என்பதால், பெரிய எண்ணுக்காக இங்கே காத்திருக்கத் தேவையில்லை.

முன்பு இறுகி உறைந்த ஈஸ்ஃபியோர்டு என்ற கடல் நுழைவாய் இப்போது பெரும்பாலும் திறந்த நீர். வெள்ளைத் தரை இருந்த முன்புலத்தில் கறுப்பு நீர். அந்த இழப்பு மனதை உறுத்துகிறது. பிரதிபலிப்பு கிடைக்கும்தான், ஆனால் காற்றில் உப்புத் துளி வந்து லென்ஸில் ஒட்டும். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள். காய்ந்த உப்பைத் தேய்த்தால் கோட்டிங்கில் கீறல் விழும்.

ஊர் எல்லைக்கு வெளியே பனிக்கரடி ஆபத்து உண்டு. ஒருவர் படமெடுக்கும்போது ஆயுதத்துடன் இன்னொருவர் சுற்றிலும் பார்த்தபடி நிற்க வேண்டும்.

அறைக்குள் நுழையுமுன் மெமரி கார்டை எடுத்துவிட்டு, கேமராவை ஜிப் பையில் காற்றுப் புகாமல் மூடுங்கள். தொட்டால் குளிராத வரை, குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம், பையைத் திறக்கக் கூடாது.