யோஷிவாராவின் பட்டும் ஃபுகாகாவாவின் வெள்ளமும்

விலைமாதர் விடுதியில் நடக்கும் ஜப்பானிய சரித்திரக் காதல் படம், அதுவும் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது? நண்பர்கள் 2007-இல் வந்த 'சகுரான்' என்பார்கள். நான் 2002-இல் வந்த 'தி சீ இஸ் வாட்சிங்' பக்கம். கதையின் முடிவுகளையும் சொல்லித்தான் இதைப் பேச முடியும், அதனால் பார்க்காதவர்கள் யோசித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சகுரானை எடுத்த மிகா நினாகாவா ஒரு புகைப்படக் கலைஞர், இது அவருடைய முதல் படம். சிவப்பும் தங்கமும் பூவுமாகக் கண் நிறைந்துவிடும். எடோ நகரத்தின் (இன்றைய டோக்கியோ) அரசு அனுமதி பெற்ற விலைமாதர் பகுதியான யோஷிவாராவின் வாசலுக்கு மேலேயே தங்க மீன்கள் நீந்தும். சிறுமியாக விற்கப்பட்டு ஓயிரானாக, அதாவது உயர்தர விலைமாதாக, உயரும் கியோஹாவாக அன்னா சுச்சியா, அந்த முறைப்பும் திமிரும் அசல். நம்பியவனைத் தேடி அவள் தப்பிப் போகிற இடத்தில் அவன் ஒரு வார்த்தை பேசாமல் சிரிக்கிறானே, அந்தச் சிரிப்பு ஒன்று போதும், அவளுக்கும் நமக்கும் எல்லாம் புரிந்துவிடும். ஆனால் இந்தப் பெண்களைக் கட்டிப்போட்டது கடன். கொத்தடிமைக்குக் கொடுக்கிற முன்பணம் மாதிரி, குடும்பத்தின் கையில் கொடுத்த பணத்தை இவள் உடம்பால் அடைக்க வேண்டும், உடுத்தும் பட்டும் அந்தக் கணக்கில்தான் ஏறும். படத்தில் பட்டு தெரிகிற அளவுக்குக் கணக்கு தெரியவில்லை. அகழி சூழ்ந்த, ஒரே பெருவாசல் உள்ள இடத்திலிருந்து கடைசியில் அவள் விடுதியில் வேலை பார்க்கும் வேறொருவனோடு ஓடிவிடுகிறாள், எனக்கு அது ஒட்டவே இல்லை.

'தி சீ இஸ் வாட்சிங்' நடப்பது யோஷிவாராவில் இல்லை, எடோ நகரத்தின் ஓரத்தில் ஃபுகாகாவாவில், அரசு அனுமதி இல்லாத ஒரு சின்ன விடுதியில். இப்படிப்பட்ட இடங்களில் சோதனை நடந்து பிடிபட்டால், பெண்களை யோஷிவாராவுக்கே தண்டனையாக அனுப்பிவிடுவார்கள். திரைக்கதை அகிரா குரோசாவா எழுதியது. தானே இயக்க நினைத்தார், 1998-இல் இறந்துபோனார், பிறகு கெய் குமாய் எடுத்தார். போர்னியோவுக்கு விற்கப்பட்ட ஜப்பானியப் பெண்களைப் பற்றி 1974-லேயே 'சந்தகான் எண் 8' எடுத்த மனிதர் அவர், இந்தப் பெண்களை வேடிக்கைப் பொருளாகப் பார்க்கத் தெரியாதவர்.

ஒரு கைகலப்புக்குப் பிறகு ஓடிவரும் இளம் சாமுராயை அந்த விடுதிப் பெண் ஓஷின் மறைத்துக் காப்பாற்றுகிறாள். அவன் திரும்பத் திரும்ப வருகிறான். கொஞ்ச காலம் தொழிலை விட்டால் உடம்பு சுத்தமாகிவிடும் என்று அவன் சொன்னதை நம்பி, மற்ற பெண்கள் கூடிப் பேசி அவளுடைய வாடிக்கையாளர்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒருத்தியாவது கரையேறட்டும் என்று. அப்புறம் ஒரு நாள் அவன் முகமெல்லாம் சந்தோஷமாக வந்து, தனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று வெள்ளந்தியாகச் சொல்கிறான். அவனிடம் துளி கெட்ட எண்ணம் கிடையாது. ஓஷினை அந்த இடத்தில் வைத்து நினைக்கவே அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சகுரானின் அந்தச் சிரிப்பை விட இது எனக்கு அதிகம் வலித்தது.

குறை இல்லாமல் இல்லை. இரண்டாவது காதலன் ரியோசுகே தாமதமாகத்தான் வருகிறான், அந்தக் காதல் முதலாவதைப் போல ஊறவில்லை. வெள்ளக் காட்சியில் ஸ்டூடியோ தெரிகிறது.

காதலை விட யோஷிவாராவின் நடைமுறைதான் வேண்டும் என்றால் ஹிதேயோ கோஷாவின் 1987 படமான 'யோஷிவாரா என்ஜோ' இருக்கிறது. நான்கு பருவங்களாகப் பிரித்து, பருவத்துக்கு ஒரு பெண்ணாகச் சொல்லி, 1911 பெருந்தீயில் முடியும். நீளமான படம், நிதானமாகப் பாருங்கள்.

சரி, ஏன் ஃபுகாகாவா? கிகுனோவுக்காக. விடுதியின் மூத்தவள், மிசா ஷிமிசு நடித்தது. வெள்ளம் கூரையைத் தொடும்போது ஓஷினையும் ரியோசுகேவையும் படகில் அனுப்பிவிட்டு இவள் நின்றுவிடுகிறாள். கூரை மேல் ஒருத்தி, சுற்றிலும் தண்ணீர், மேலே அத்தனை நட்சத்திரம். கியோஹா ஓடிய பிறகு அந்த விடுதியில் யார் மிச்சம் என்று சகுரான் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.