‘சிலி பாடி கம்போங்’ விதைப் பொட்டலம்: ஆறு ரிங்கிட்டுக்குத் தேறுமா?

பொட்டலத்தின் முகப்பில் வானம் பார்த்து நிற்கும் சிவப்பு மிளகாய்ப் படம். பின்பக்கம் முக்கியமாக மூன்று வரி: ஏழு நாளில் முளைக்கும், அறுபது நாளில் காய் பறிக்கலாம், அசல் கம்போங், அதாவது கிராமத்து, ரகம். உள்ளே முப்பது விதை, விலை ஆறு ரிங்கிட். முதல் இரண்டு வரியும் பொய். மூன்றாவது முக்கால்வாசி உண்மை. அந்த முக்கால்வாசிக்காகத்தான் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

பாசாரில் சிலி பாடி (உறைப்பான சிறு மிளகாய்) என்று குவித்து வைத்திருப்பது, எல்லாம் ஒரே நீளத்தில் பளபளவென்று இருந்தால், பெரும்பாலும் வணிகக் கலப்பினம். கம்போங் மிளகாய் வேறு சாதி. சிலர் சிலி பூரோங், அதாவது குருவி மிளகாய் என்பார்கள். ஒன்றரையிலிருந்து மூன்று சென்டிமீட்டர்தான் நீளம். தாய்லாந்தில் இதன் கூடப்பிறந்ததற்கு ‘ப்ரிக் கீ நூ சுவன்’ என்று பெயர்: எலிப்புழுக்கை மிளகாய், தோட்டத்து வகை. நாகர்கோவில் பக்கத்துக் காந்தாரி மிளகாயும் இதே குடும்பம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் காலத்துக்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வேரூன்றியது. அதன் பிறகு இதைத் தேர்ந்தெடுத்து வளர்த்தவர்கள் வீட்டுக் கொல்லைக்காரர்கள். விதையைப் பரப்பியவை பறவைகள். மிளகாயின் உறைப்பு பறவைக்குத் தெரியாது.

அசல்தானா என்று பார்க்கக் காய் வரும்வரை காத்திருக்க வேண்டாம், பூவே சொல்லிவிடும். கலப்பினப் பூ பால் வெள்ளை. கம்போங் பூவில் இளம்பச்சைச் சாயல் ஓடும். காய் வந்ததும் இன்னொரு சோதனை: பழுத்த மிளகாயை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தால், காம்பும் பச்சைத் தொப்பியும் செடியிலேயே நின்றுகொள்ள, பழம் மட்டும் கையோடு வரும். இந்தப் பொட்டலத்திலிருந்து வளர்த்த எட்டுச் செடியில் ஏழு இரண்டு சோதனையிலும் தேறின. எட்டாவது, காயைத் தலைகீழாகத் தொங்கவிட்டு விரல் நீளத்துக்குக் காய்த்தது. தாய்ச்செடிக்குப் பக்கத்தில் வேறு மிளகாய் பூத்திருக்கிறது, தேனீ வேலையைக் காட்டிவிட்டது. திறந்தவெளியில் எடுத்த விதையில் இது நடக்கும். ஆனால் ‘அசல்’ என்று அச்சடித்து விற்கிறவர், பூங்கொத்தை உறை போட்டு மூடியாவது விதை எடுத்திருக்கலாம்.

முளைப்பு விஷயத்துக்கு வருவோம். இந்தச் சாதி மிளகாய்க்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். இந்தப் பொட்டலத்தில் முதல் முளை பதினைந்தாம் நாள், கடைசி இருபத்தாறாம் நாள், முப்பதுக்குப் பத்தொன்பது. நாட்டு விதைக்கு இது மோசமில்லை. ‘ஏழு நாள்’ என்பதை நம்பி எட்டாம் நாள் தட்டைக் கொட்டிவிடுகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். முதல் நாள் இரவு விதையை வெதுவெதுப்பான நீரில் ஊறப்போடுங்கள். நன்றாகக் கழுவிப் பிழிந்த தென்னை நார்த்தூளில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு மூடுங்கள். தூளைக் கழுவாவிட்டால் அதிலுள்ள உப்பு முளையைக் கருக்கும். கோலாலம்பூர் வெயிலுக்கு விதையைச் சூடேற்ற ஒன்றும் தேவையில்லை, இங்கே எதிரி ஈரம்தான். தினமும் தண்ணீரை ஊற்றினால் நாற்றின் கழுத்து நூல்போல் மெலிந்து சாயும். அது நாற்றழுகல், சாய்ந்த நாற்று பிழைக்காது. மேல்தூள் நிறம் வெளுத்த பிறகு தட்டின் அடியில் நீர் விட்டு உறிஞ்சவிடுவது நல்லது. நத்தைக்குப் பயந்து தட்டை உயரத்தில் வையுங்கள்.

நாலைந்து நிஜ இலை வந்ததும், விதைத்து ஆறேழு வாரத்தில், தொட்டிக்கு மாற்றலாம். பொட்டலத்தில் ‘சிறு தொட்டி போதும்’ என்று படம் போட்டிருக்கிறார்கள், போதாது. இரண்டு மூன்று வருடம் நிற்கிற செடி இது. பதினைந்து முதல் இருபது லிட்டர் கொள்கிற தொட்டியோ பாலிபேக்கோ வேண்டும். தோட்டமண் இரண்டு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு. இங்குள்ள செம்மண் புளிப்பு மண் என்பதால் தொட்டிக்கு ஒரு கைப்பிடி டோலமைட் சுண்ணாம்பைக் கலந்து, இரண்டு வாரம் ஆறப்போட்டு நடுங்கள். ஆறு மணிநேர நேர்வெயில் கட்டாயம். கார் நிறுத்தும் கூரைக்கடியில் வைத்தால் செடி ஓங்கி வளரும், காய்க்காது.

உரத்துக்கு எந்த நர்சரியிலும் கிடைக்கிற இரண்டே போதும். பூக்கும்வரை பச்சை உரம் (பையில் 15-15-15 என்றிருக்கும்), மொட்டு கண்டதும் நீல உரம் (12-12-17-2). பத்திருபது நாளுக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி, தண்டை ஒட்டிப் போடாமல் தொட்டி விளிம்போரமாக. மொட்டு வந்த பிறகும் பச்சையையே அள்ளிப் போட்டால் இலைதான் பெருக்கும், பூ உதிரும். ‘உரமே வேண்டாத நாட்டு ரகம்’ என்று பொட்டலத்தில் இருப்பது, தரையில் வேரோடும் செடிக்குப் பொருந்தலாம். தொட்டிக்குப் பொருந்தாது.

இலை சுருட்டலை மட்டும் நின்று பார்க்க வேண்டும். சுருட்டல் எல்லாவற்றையும் ஒரே நோய் என்று நினைத்து ஒரே மருந்தை அடிப்பதில்தான் பாதிச் செடிகள் போகின்றன. விளிம்பு மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன். விளிம்பு கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பு நீண்டு, அடிப்பக்கம் செம்பு நிறம் ஏறினால் முரணைச் சிலந்தி; அது கண்ணுக்குத் தெரியாது, உருப்பெருக்கி வேண்டும். இலைப்பேனுக்கு ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், அது கரைய ஒன்றிரண்டு மில்லி திரவ சோப்பு. இலையின் அடியில் படும்படி, வெயில் இறங்கிய பிறகு. சிலந்திக்கு நனையும் கந்தகம் (wettable sulphur) லிட்டருக்கு இரண்டு கிராம், அதுவும் மாலையில்தான். இரண்டையும் அடுத்தடுத்து அடித்தால் இலை கருகும், இடையில் இரண்டு வாரமாவது விடுங்கள். சுருட்டலோடு இலை மஞ்சள் பூத்து, செடி குட்டையாகி, தட்டினால் வெள்ளை ஈ பறந்தால் அது வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. பிடுங்கிப் பையில் கட்டி எறிந்துவிட வேண்டும். எட்டில் ஒன்று இப்படிப் போனது, அதற்கு விதையைக் குறை சொல்ல முடியாது.

பச்சையாக இருந்த செடி ஒரே நாளில் தொங்கிப்போனால் தண்ணீர் ஊற்றி எழுப்பப் பார்க்காதீர்கள். தண்டின் அடியை வெட்டிக் கண்ணாடித் தம்ளர் நீரில் நிறுத்துங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல் இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்த மண்ணில் மறுபடி மிளகாய், தக்காளி, கத்தரி எதுவும் வைக்கக் கூடாது. மழையில் மண் தெறித்துப் பழத்தில் வட்ட வட்டமாக அழுகல் வருவது இதைவிடச் சாதாரணம். தொட்டிமேல் காய்ந்த லாலாங் புல்லைப் பரப்பினாலே பாதி குறையும்.

அறுபது நாள் கணக்கு, நாற்றை நட்ட நாளிலிருந்து எண்ணினாலும் ஒத்துவரவில்லை. முதல் சிவந்த பழம் விதைத்து ஐந்தாவது மாதம்தான். அதன் பிறகு செடி ஓயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காய் சிறுத்தாலும் உறைப்பில் குறைவில்லை, கலப்பினத்தில் இல்லாத ஒரு மணமும் உண்டு. பெலாச்சானோடு (இறால் விழுது) உரலில் இடிக்கும்போது வித்தியாசம் மூக்குக்கே தெரியும். பறிப்பதுதான் சள்ளை. ஒரு கைப்பிடிக்குக் கால்மணி நேரம் ஆகிறது. பழுத்தது காம்பில்லாமல் வருவதால் அந்த வாய் வழியே சீக்கிரம் அழுகும். குளிர்பெட்டியில் வைக்க வேண்டுமானால் பச்சையிலேயே காம்போடு கத்தரித்துக்கொள்ளுங்கள். பழுத்ததை அன்றே இடித்துவிடுங்கள், அல்லது உறைய வையுங்கள்.

இதே காசுக்கு மாற்று என்ன? நர்சரி நாற்று ஒரு மாதத்தை மிச்சப்படுத்தும், ஆனால் பூக்காத நாற்றில் சாதி தெரியாது. வாங்குமுன் இலையடியைத் திருப்பிப் பாருங்கள், சிலந்தி அங்கிருந்துதான் வீட்டுக்கு வருகிறது. பாசார் பழத்தின் விதையும் முளைக்கும், கலப்பினமாக இருந்தால் அடுத்த தலைமுறை ஒன்றுபோல் ஒன்று இராது. கம்போங்கில் யாராவது கொல்லையில் காய்க்கிற செடியிலிருந்து நாலு பழம் கொடுத்தால் இந்தப் பொட்டலமே வேண்டாம். அப்படி யாரும் இல்லாதவர்கள் வாங்கலாம். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை.

வாங்கினால் ஒரு தடவை போதும். இரண்டு சோதனையிலும் தேறிய செடியில், மொட்டு விரியுமுன் ஒரு கிளைக்கு மெல்லிய வலைப்பை கட்டி, காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் காம்பில் சிவப்பு நூல் சுற்றி வையுங்கள். நன்றாகச் சிவந்த பழத்தின் விதையை, கையுறை போட்டுக்கொண்டு எடுத்து, வளைத்தால் மளுக்கென்று ஒடிகிற வரை நிழலில் உலர்த்துங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு இறுக மூடிய சீசாவில், குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் இரண்டு மூன்று வருடம் முளைக்கும்.