டாக்கர்ஃபைல் எழுதாமல் நாலு வருடம்

2020 மே மாதம், ஜாவா சேவைகள் எழுத உதவும் ஸ்பிரிங் பூட்டின் 2.3 பதிப்பு வந்தபோது கூடவே ஒரு சின்ன வசதியும் வந்தது. ஜாவா பில்ட் கருவியான மேவனில் ஒரே ஒரு கமாண்ட் அடித்தால் போதும், கன்டெய்னர் இமேஜ், அதாவது சேவையும் அது ஓடத் தேவையானவையும் சேர்ந்த பொட்டலம், தயார். அந்தப் பொட்டலத்தை எப்படிக் கட்டுவது என்று படிப்படியாக எழுதும் டாக்கர்ஃபைலே வேண்டாம். அப்போது நான் அதை நம்பவில்லை. மந்திரம் போல வேலை செய்கிற எதுவும் நடுராத்திரியில் காலை வாரும் என்பது என் அனுபவம். ஆறு மாதம் கழித்து, வேறு வழியில்லாமல்தான் தொட்டேன்.

வேறு வழியில்லாமல் என்றால், எங்களிடம் அப்போது பன்னிரண்டு சேவைகள், பன்னிரண்டு டாக்கர்ஃபைல்கள். முதலாவதை யாரோ யோசித்து எழுதியிருந்தார்கள். மற்றதெல்லாம் நகலின் நகல். ஒன்று எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக ஓடும். இன்னொன்றில் சோர்ஸ் கோட் முழுவதையும் முதலில் காப்பி செய்துவிட்டு அப்புறம் பேக்கேஜ்களை நிறுவுவார்கள்; ஒரு வரி மாறினாலும் மொத்தமும் மறுபடி இறங்கும்.

அந்த வசதிக்குப் பின்னால் இருப்பது கிளவுட் நேட்டிவ் பில்ட்பேக்ஸ். ஹெரோக்கு 2011-இல் கொண்டுவந்த யோசனையின் அடுத்த தலைமுறை இது. 2018-இல் ஹெரோக்குவும் பிவோட்டலும் சேர்ந்து தொடங்கியது. பாம்.எக்ஸ்எம்எல் என்ற கோப்பு இருந்தால் ஜாவா, பேக்கேஜ்.ஜேசன் இருந்தால் நோட்.ஜேஎஸ் என்று சோர்ஸ் கோட் இருக்கும் இடத்தைப் பார்த்துத் தானே புரிந்துகொள்ளும். தேவையான ரன்டைமை எடுத்து, லேயர் லேயராக அடுக்கி, ரூட் அல்லாத பயனரோடு இமேஜைக் கொடுத்துவிடும். பில்ட்பேக்குகளையும் அடித்தள இமேஜையும் சேர்த்துத் தருவது பில்டர்; நாங்கள் எடுத்துக்கொண்டது பக்கெட்டோ என்ற திட்டத்தின் பில்டர். முதல் பில்டில் பில்டர் இமேஜ் இறங்கவே நேரம் பிடிக்கும். பிறகு பழகிவிடும்.

முதல் இமேஜ் வந்ததும் சக ஊழியர் ஒருவர் பதறிப்போய்க் கூப்பிட்டார். பட்டியலில் அந்த இமேஜ் "40 ஆண்டுகளுக்கு முன்" உருவானதாகக் காட்டியது. பிழை இல்லை. ஒரே சோர்ஸ் கோடுக்கு எப்போது பில்ட் செய்தாலும் ஒரே ஹேஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை) வர வேண்டும் என்பதற்காக, உருவான தேதியை 1980 ஜனவரி 1 என்று நிலையாக வைத்துவிடுகிறார்கள். காரணம் சரிதான். ஆனால் எந்த இமேஜ் புதிது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இன்றுவரை அது எனக்கு எரிச்சல்தான்.

அடுத்த அடி மெமரியில் விழுந்தது. ஜாவா சேவைக்கு 512 எம்பி கொடுத்திருந்தேன், எழும்பவே மறுத்தது. பக்கெட்டோவின் ஜாவா பில்ட்பேக் சேவை தொடங்கும்போதே ஒரு கணக்குப் போடுகிறது: 250 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்), ஒவ்வொன்றுக்கும் 1 எம்பி, தொகுத்த கோட் தங்கும் கோட் கேஷுக்கு 240 எம்பி, அதற்கு மேல் கிளாஸ்களுக்கான இடம். சேவையின் தரவு தங்கும் ஹீப்புக்கு மிச்சமே இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. அன்று நன்றாகத் திட்டினேன். திரெட் எண்ணிக்கையை 50 ஆக்கியதும் ஓடியது. யோசித்துப் பார்த்தால், எங்கள் பழைய டாக்கர்ஃபைலில் இதே சேவை சமர்த்தாக எழும்பி, கூட்டம் ஏறும் நேரத்தில் மெமரி போதாமல் சாகும். முன்கூட்டியே முரண்டு பிடிப்பது எவ்வளவோ மேல்.

இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. டாக்கர்ஃபைல் எழுதுவது ஒரு மணி நேர வேலை. அதை மிச்சப்படுத்தவா இவ்வளவு? உண்மையான லாபம் என்ன என்று எனக்குப் புரிந்தது 2022 நவம்பரில்.

இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் 3-ஆம் பதிப்பில் பெரிய பாதுகாப்பு ஓட்டை, ஒரு வாரத்தில் திருத்தம் வரும் என்று முன்னறிவிப்பு வந்திருந்தது. எல்லாரும் திகிலில் இருந்தோம். (திருத்தம் வந்த அன்று அதன் தீவிரத்தை ஒரு படி குறைத்துவிட்டார்கள், அது வேறு கதை.) எங்கள் பைத்தான் சேவைகள் அதற்குள், அந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3 உள்ள உபுண்டு 22.04 இயங்குதள அடித்தளத்துக்கு மாறியிருந்தன. புது அடித்தளம் வந்ததும் ரீபேஸ் அடித்தோம். சோர்ஸ் கோட் பக்கமே போகவில்லை, பில்ட் செய்யவில்லை. மேலே எங்கள் லேயர்கள் அப்படியே இருக்க, அடியில் உள்ள இயங்குதள லேயர்களை மட்டும், இமேஜ்கள் சேமித்திருக்கும் ரெஜிஸ்ட்ரியிலேயே ரீபேஸ் உருவி மாற்றிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் சில விநாடிகள்.

நோட் 18 சேவைகளுக்கு இது பலிக்கவில்லை. நோட் தன் வயிற்றுக்குள்ளேயே ஒரு ஓப்பன்எஸ்எஸ்எல் வைத்திருக்கிறது. அடித்தளத்தை மாற்றி என்ன பயன்? அவற்றைப் புது நோட்டோடு மறுபடி பில்ட் செய்தோம். அதே போல உபுண்டு 18.04-இலிருந்து 22.04-க்குத் தாவ ரீபேஸ் உதவாது. ஒரே அடித்தளத்தின் திருத்தங்களுக்குத்தான் அது.

முழுத் தோல்வியும் உண்டு. பிடிஎஃப் தயாரிக்கும் சேவையை மாற்றினோம்; எழுத்தெல்லாம் வெறும் கட்டங்களாக வந்தது. அடித்தள இமேஜில் எழுத்துருக்களே இல்லை. டாக்கர்ஃபைலில், உபுண்டுவின் பேக்கேஜ் நிறுவியான ஆப்ட் வைத்து ஒரு வரியில் முடிகிற வேலை. இங்கே பில்ட் ரூட்டாக ஓடாது, அதனால் ஆப்ட் கிடையாது. இதற்கென்று எக்ஸ்டென்ஷன் என்ற வசதி பிறகு வந்தது. ஆனால் அதற்குள் எழுதுவதும் டாக்கர்ஃபைல்தான்! சரி, எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும் என்று பழையதற்கே திரும்பிவிட்டோம். வீடியோ மாற்றும் சேவைக்கும் அதே முடிவு.

இன்று பத்துச் சேவைகள் பில்ட்பேக்கில், இரண்டு டாக்கர்ஃபைலில். பத்துக்கும் வாரம் ஒரு முறை ரீபேஸ் தானாக ஓடுகிறது. மற்ற இரண்டின் அடித்தளத்தையும் மாதம் ஒரு முறை கையால் புதுப்பிக்கக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். போன மாதம் மறந்துவிட்டேன்.