1981 பேசிக் விதிநூல்: நீண்ட நாள் ஆடிப் பார்த்த அனுபவம்

மதுரை திருநகரில் ஒரு வீட்டு மாடியில் கூடி, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு கதாபாத்திரமாகி மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியும் பகடை உருட்டியும் ஆடும் சாகச விளையாட்டின் 1981 பதிப்பைச் சில ஆண்டுகளாக ஆடி வருகிறோம். டாம் மோல்ட்வே தொகுத்த பேசிக் நூல் 64 பக்கம். டேவிட் குக், ஸ்டீவ் மார்ஷ் இருவரும் தொகுத்த எக்ஸ்பர்ட் நூல் இன்னொரு 64 பக்கம். எங்கள் ஆட்டம் முழுவதும் இவ்விரண்டுக்குள்ளேயே நடக்கிறது.

வெளியூர் நண்பர்களுடன் விதிகளைப் பற்றிக் கைப்பேசியில் பேசும்போது, கேள்வியை ஆண்டோடு சேர்த்தே கேட்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டோம். பேசிக் என்ற பெயரில் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் வெவ்வேறு தொகுப்புகள் வந்திருப்பதால், ஆண்டைச் சொல்லாத கேள்விக்குப் பல விடைகள் இருக்கும். ஒரு வாள் வீச்சின் சேதம் எவ்வளவு என்ற எளிய கேள்வியையே பாருங்கள். 1977 நூலில் எல்லா ஆயுதத்துக்கும் ஓர் அறுமுகப் பகடைதான். 1981-இலும் அடிப்படை அதுவே, ஆனால் விரும்பினால் வாளுக்கு எண்முகப் பகடை உருட்டலாம். இதே விளையாட்டின் விரிவான வடிவமாக 1978-இல் வந்த அட்வான்ஸ்டு நூலிலோ எதிரியின் உருவ அளவைப் பொறுத்தும் சேதம் மாறுகிறது. இவற்றைக் கலந்து பேசினால் வாதம் முடியவே முடியாது.

இந்தப் பதிப்பின் உயிர் அதன் நேரக் கணக்கில் இருக்கிறது. நிலவறைக்குள் ஒரு டர்ன் என்பது 10 நிமிடம். ஒரு தீப்பந்தம் 6 டர்ன்களில் அணைந்துவிடும். ஐந்து டர்ன் நடந்தால் ஒரு டர்ன் ஓய்வு. இரண்டு டர்ன்களுக்கு ஒருமுறை அறுமுகப் பகடையில் 1 விழுந்தால் அலைந்து திரியும் ஏதோ ஒன்று எதிரே வரும். பலர் இதைத் தொல்லையென்று விட்டுவிடுகிறார்கள், விட்டபின் ஆட்டம் சப்பென்று இருப்பதாகவும் சொல்கிறார்கள். மாங்குளம் குன்றின் கற்படுக்கைகளையும் தமிழி எழுத்துகளையும் மனத்தில் கொண்டு நான் வரைந்த குகையில், பூதங்களைவிட "அண்ணே, பந்தம் இன்னும் எத்தனை டர்ன் தாங்கும்?" என்ற கேள்விதான் ஆடுவோரை அதிகம் நடுங்க வைத்தது.

பாத்திரத்தை நிலை நிலையாக உயர்த்தும் அனுபவப் புள்ளிகளும் இதே போக்கில் அமைந்தவை. ஓர்க் என்ற அரக்கன் ஒருவனை வீழ்த்தினால் 10 புள்ளி. ஒரு பொற்காசை வெளியே கொண்டுவந்தால் 1 புள்ளி. போர்வீரன் இரண்டாம் நிலைக்குச் செல்ல 2000 புள்ளி வேண்டும். ஆகவே சண்டையைத் தவிர்த்துப் புதையலோடு திரும்புபவரே விரைவில் உயர்கிறார். எதிரிகளும் கடைசி மூச்சு வரை போரிடுவதில்லை. தங்களில் முதல் ஆள் விழுந்ததும் மனவுறுதிக்காக இரண்டு அறுமுகப் பகடை உருட்டப்படுகிறது, அவற்றின் கூட்டுத்தொகை அவர்களுக்குரிய அளவைத் தாண்டினால் ஓடுகிறார்கள் அல்லது சரணடைகிறார்கள்.

குறைகளும் உண்டு. முதல் நிலைத் திருடன் பூட்டைத் திறக்க வாய்ப்பு 15 விழுக்காடு மட்டுமே. அந்தப் பாத்திரத்தை எடுத்தவர் வெகுநேரம் ஏமாற்றத்தோடு அமர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால், பொறி எங்கே, எப்படி இயங்குகிறது என்று ஆடுபவர் வாய்மொழியாகவே ஆராய்ந்து சொன்னால் பகடையில்லாமல் ஏற்றுக்கொள்வது எங்கள் வழக்கம். கவச எண் குறையக் குறையக் காப்பு கூடுகிறது என்பது, எண் கூடினால் காப்பு கூடும் என்று 2000-க்குப் பின் வந்த பதிப்புகளில் பழகியவர்களுக்குக் கடைசி வரை உறுத்துகிறது. அவர்களுக்கு 2019-இல் வந்த ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ் என்ற விதிநூல் பொருந்தும். 1981 விதிகளையே ஒழுங்குபடுத்தி, இரு வகைக் கவச எண்களையும் அருகருகே தருகிறது.

புதிதாகத் தொடங்குவோர் பேசிக் நூலை மட்டும் வாங்கினால் போதும். மூன்றாம் நிலை வரைக்கும் அதிலேயே எல்லாம் உண்டு. முறைப்படி விலைக்கு விற்கப்படும் மின்நூலாகவும் கிடைக்கிறது.