நெர்ஹாவில் ஒரு தாப்பாஸ் உணவகம்: மூன்று இரவு அனுபவம்

ஸ்பெயினின் மாலகா மாகாணத்தில், மத்தியதரைக் கடலோரம் உள்ள நெர்ஹா என்னும் சுற்றுலா ஊரில் அம்மாவுடன் ஐந்து நாள் தங்கியிருந்தபோது, சிறு சிறு தட்டுகளில் பலவகை உணவு தரும் ஒரே தாப்பாஸ் உணவகத்தில் மூன்று இரவு சாப்பிட்டோம். முதல் இரவு ஏமாற்றத்தோடுதான் எழுந்து வந்தோம். ஆனாலும் அடுத்த இரண்டு இரவுகளும் அங்கேயே போனோம் என்பதால், அந்த இடத்தைப் பற்றி விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

'ஐரோப்பாவின் பால்கனி' என்று அழைக்கப்படும் கடல் பார்த்த மேட்டிலிருந்து சிறிது நடந்தால், ஒரு குறுகிய தெருவில் அந்த உணவகம் இருக்கிறது. 1884 டிசம்பரில் தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியா பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் மக்களைப் பார்க்க வந்த மன்னர் பன்னிரண்டாம் அல்ஃபோன்சோ அந்த மேட்டுக்கு வைத்த பெயர் அது என்று ஊரார் சொல்கிறார்கள். கடலைப் பார்க்க வருகிறவர்கள் அப்படியே பசியோடு இறங்கி வரும் தெரு என்பதால், மாலையில் அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை.

நாங்களும் அப்படித்தான் ஏழு மணிக்கே போய், தெருவில் போட்டிருந்த மேசையில் அமர்ந்து, படம் போட்ட பட்டியலைப் பார்த்து ஆறு தட்டுகளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டோம். ஆறும் ஒன்றாகவே வந்தன. பூண்டும் காய்ந்த மிளகாயும் மிதக்கும் ஆலிவ் எண்ணெயில், மண்சட்டியோடு கொதித்துக்கொண்டே வரவேண்டிய 'கம்பாஸ் பில் பில்' என்ற இறால், மற்ற தட்டுகளுக்கு இடம் ஒதுக்கி முடிப்பதற்குள் ஆறிப்போனது. கேட்காமலே வைத்த ரொட்டிக்கும் ஆலிவ் காய்க்கும் தனியாக விலை போட்டிருந்தார்கள். உணவகங்கள் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் சட்டம் இருந்தும், இரண்டு முறை கேட்ட பிறகும் புட்டித் தண்ணீர்தான் வந்தது. இவற்றை நான் சிறிய குறைகளாகக் கருதவில்லை.

மறுநாள் இரவு ஒன்பதரை மணிக்கு அதே கடையைத் தாண்டும்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். பரிமாறும் நீண்ட மேடையை ஒட்டி உள்ளூர்க் குடும்பங்கள் நின்றுகொண்டிருந்தன. அன்றைய தட்டுகள் கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதப்பட்டிருந்தன. படம் ஒன்றும் இல்லை. எல்லாரும் இரண்டு தட்டு சொல்லி, அவை முடிந்த பிறகே அடுத்த இரண்டைச் சொன்னார்கள். நாங்களும் அதையே செய்தோம். அதன் பிறகு கிடைத்தது வேறு உணவகத்தின் சாப்பாடு என்றே சொல்வேன்.

முதலில் வந்தது பொரித்த 'பொக்கெரோன்', அதாவது நெத்திலி. மாலகாக்காரர்களையே இந்த மீனின் பெயரால் செல்லமாக அழைப்பது அங்கே வழக்கம். நான்கைந்து மீன்களின் வாலை ஒன்றாகப் பிடித்து மாவில் தோய்த்துப் பொரிப்பதால், தட்டில் அவை சிறு விசிறிகளாக விரிந்திருந்தன. மாவு மெல்லிய தோல் போலத்தான் ஒட்டியிருந்தது. கையில் எண்ணெய் படியவில்லை. முள்ளும் சேர்ந்தே நொறுங்கியது. அதே மீனை வினிகரில் ஊறவைத்துப் பூண்டும் பார்ஸ்லி இலையும் தூவித் தருவதும் உண்டு. அது அடுப்பில் வேகாத மீன் என்று தயங்குகிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது: ஒட்டுண்ணிப் புழுக்களுக்கு அஞ்சி, அப்படிப் பரிமாறும் மீனை முன்கூட்டியே உறையவைக்க வேண்டும் என்று ஸ்பெயினில் 2006 முதல் விதி இருக்கிறது.

அம்மா சைவம் என்பதால் எனக்குக் கவலை இருந்தது. காய்கறித் தட்டுகளின் மேலும் பன்றித் தொடைக்கறியைப் பொடியாக நறுக்கித் தூவிவிடுவார்கள். 'சின் ஹமோன்' என்று சொல்லிவைத்தால் தூவாமல் தருவார்கள். அம்மாவுக்குப் பிடித்தது கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய். விரல் நீளத்துக்கு அரிந்து பொரித்த துண்டுகளின் மேல், கறுத்த பாகை நூல் நூலாக வடித்திருந்தார்கள். லேசான கசப்போடு இறங்கும் அந்த இனிப்பு, உப்புப் போட்ட கத்தரிக்காயோடு அருமையாகச் சேர்ந்தது. அந்தப் பாகு தூரத்துச் சரக்கு அன்று: அதைக் காய்ச்சும் ஆலை ஆறு கிலோமீட்டர் தள்ளி ஃபிரிஹிலியானா என்னும் மலைக்கிராமத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தக் கரையெங்கும் கரும்பு விளைந்தது. நெர்ஹாவை அடுத்த மாரோ கிராமத்தின் சர்க்கரை ஆலைக்குத் தண்ணீர் கொண்டுபோக 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய நாலடுக்கு வளைவுப் பாலத்தை அன்று காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தோம்.

மேடையருகே நின்று சாப்பிடுவது வயதானவர்களுக்குச் சிரமம். அதைச் சொல்லாமலே புரிந்துகொண்ட மூத்த பணியாளர் ஒருவர், சமையலறைப் பக்கமிருந்து முதுகுள்ள நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து அம்மாவுக்குப் போட்டார். மூன்றாம் இரவு நாங்கள் வாய் திறக்கும் முன்பே 'சின் ஹமோன்' என்று அவரே உள்ளே குரல் கொடுத்தார். அன்று அம்மாவுக்கு 'அஹோபிளாங்கோ' வாங்கினோம்: பாதாமும் பூண்டும் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் அரைத்த வெள்ளை நிறக் குளிர்ந்த சூப்பு, மேலே நான்கு திராட்சை. பூண்டு சற்றுத் தூக்கலாக இருந்தது. அம்மா கிண்ணத்தைக் காலி செய்துவிட்டார்.

உள்ளே இருவருக்கு ஆறு தட்டு சாப்பிட்டும் முதல் இரவைவிடச் செலவு குறைவு, ஏனெனில் வெளி மேசைக்கு விலை கூடுதல். போகிறவர்கள் பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த வேறுபாட்டை முதலில் படித்துவிடுங்கள். பிற்பகல் நான்கு மணிக்கு அடுப்பை அணைத்தால் இரவு எட்டுக்குத்தான் முழுதாக ஏற்றுகிறார்கள். நாங்கள் முதல் நாள் போனது அந்த இடைவேளையில்.