‘1080-ல 60 ஃபிரேம் கண்டிப்பா வரும் சிஸ்டர்’: ஒரு கேப்சர் கார்டுக்கு 6,490 ரூபாய் போனது

கேப்சர் கார்டு, அதாவது கேம் ஓடும் படத்தைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய உதவும் கருவி, எங்களுக்கு விற்ற கடை என் வாட்ஸ்அப் எண்ணை பிளாக் செய்துவிட்டது இன்று மதியம்தான் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அதே கார்டு அதே விளம்பரத்தோடு இப்போதும் அவர்கள் தளத்தில் இருக்கிறது, இன்று இரவுகூட யாராவது வாங்கிக்கொண்டிருக்கலாம். எங்களுக்குப் போனது 6,490 ரூபாய். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு மாதம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் அது.

தம்பி கல்லூரியில் இரண்டாம் வருடம். வீட்டில் ஒரு பழைய பிஎஸ்4 கேம் கன்சோல் இருக்கிறது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதில் டெக்கன் 7 என்ற சண்டை கேம் ஆடுவான். நன்றாக ஆடுவான். அதைவிட, ஆட்டத்தை விளக்கிச் சொல்ல அவனுக்கு நன்றாக வரும். டெக்கனில் எல்லாமே ஃபிரேம் கணக்கு, அதாவது திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் தனித்தனிப் படங்களின் கணக்கு. ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது. இருப்பதிலேயே வேகமான குத்து, அதாவது ஜாப், 10 ஃபிரேமில் வந்து விழும். ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு. எதிராளியின் அடியைத் தடுத்தபின் அவர் 10 ஃபிரேம் பின்தங்கியிருந்தால் ஜாபால் திருப்பி அடிக்கலாம், 9 என்றால் முடியாது. இதைத் தமிழில் நிறுத்தி நிறுத்திக் காட்டி வீடியோ போட வேண்டும் என்பது அவன் ஆசை.

பிஎஸ்4-லேயே ஷேர் பட்டன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். எங்களிடம் இருப்பது சாதாரண பிஎஸ்4. அது 720 என்ற சிறிய பட அளவில் (முழு எச்டி என்றால் 1080), நொடிக்கு 30 ஃபிரேம்தான் பதிவு செய்யும். பாதி ஃபிரேம் காணாமல் போனால் இந்த விளக்கத்துக்கே அர்த்தமில்லை. அதனால்தான் கேப்சர் கார்டு தேடினோம்.

ஆயிரம் ரூபாய்க்குள் சின்ன டாங்கிள்கள் கிடைக்கின்றன. அவற்றில் 60 வராது என்று படித்திருந்ததால் வேண்டாம் என்று ஒதுக்கினோம். மலிவாக வாங்கி ஏமாறக் கூடாது என்றுதான் 6,490 ரூபாய்ப் பொருளுக்குப் போனோம்.

கடை, கேமிங் சாமான்கள் மட்டுமே விற்கிற ஒரு இணையக் கடை. பெரிய ஷாப்பிங் தளம் எதுவும் அல்ல. சொந்தமாகத் தளம், வாட்ஸ்அப் எண், நிறைய ரீல்ஸ், இவ்வளவுதான். வாங்குவதற்கு முன் போன் செய்தேன். நான் கேட்டது இரண்டே கேள்வி. 1080-இல் 60 ஃபிரேம் பதிவாகுமா? வேகமான யூஎஸ்பி 3 இணைப்புதானா?

“கண்டிப்பா வரும் சிஸ்டர். பிளக்கைப் பாருங்க, உள்ள நீலக் கலர். யூஎஸ்பி 3.0-க்குத்தான் நீலம் இருக்கும்.”

தளத்தில் இருந்த படத்தைப் பார்த்தேன். ஆமாம், நீலம்தான். பெட்டியில் ‘4கே 60’ என்று பெரிதாகப் போட்டிருந்தது.

அப்புறம் அவரே கேட்டார், யாருக்கு வாங்குகிறீர்கள் என்று. தம்பிக்கு, டெக்கன் வீடியோ போட என்றேன். “நானும் டெக்கன் ஆடுறவன்தான் சிஸ்டர். தம்பி யாரை வெச்சு ஆடுவான்?” கிங் என்ற கதாபாத்திரத்தை என்றேன். “ஐயோ, சூப்பர்! கிங்கோட த்ரோவையெல்லாம் தமிழ்ல சொல்லிக் கொடுத்தா செமயா இருக்கும். நானே சப்ஸ்கிரைப் பண்றேன்.”

அந்த இடத்தில்தான் நம்பினேன். இன்று வரை மனதில் உறுத்திக்கொண்டே இருப்பதும் அதுதான். விலையையோ ரீல்ஸையோ பார்த்து நான் பணம் அனுப்பவில்லை. தம்பி ஆடுகிற ஆட்டத்தைத் தெரிந்த ஒருவர், அவனுக்கு எது தேவை என்று புரிந்து பேசுகிறார் என்று நினைத்து அனுப்பினேன். கேஷ் ஆன் டெலிவரி கேட்டபோது இந்த ஐட்டத்துக்கு இல்லை என்றார். அப்போதும் சந்தேகம் வரவில்லை. யூபிஐ-இல் முழுத் தொகையும் போட்டேன். பில் பார்சலில் வரும் என்றார். வந்தது ஒரு பேக்கிங் சீட்டு மட்டும்.

நான்காம் நாள் கார்டு வந்தது. மாட்டியதும் திரை கறுப்பு. இது கார்டின் குறை இல்லை. பிஎஸ்4-இல் செட்டிங்ஸ், சிஸ்டம் உள்ளே எச்டிசிபி என்ற காப்புக் குறியீடு ஆன் ஆகியிருக்கும். அதை அணைத்தால் படம் வரும், வந்தது. தம்பி குதித்தான். ஒரு மேட்ச் ஆடிப் பதிவு செய்தான். போட்டுப் பார்த்தால் நின்றிருக்கும்போது சுமாராக இருக்கிற உருவம், கை வீசியதும் கட்டம் கட்டமாக உடைகிறது. கறுப்பெல்லாம் சாம்பலாக வெளுத்திருக்கிறது.

மூன்று இரவு உட்கார்ந்தோம். எங்கள் பக்கமும் தவறு இருந்ததை மறைக்கவில்லை. ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் வெளியீட்டு அளவு 1280-க்கு 720 என்று இருந்தது, 1920-க்கு 1080 என்று மாற்றினோம். எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு ஃபிரேம், 30 என்று இருந்தது, 60 ஆக்கினோம். பதிவின் தரம் ‘ஸ்ட்ரீம் போலவே’ என்றும், பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) 2500 என்றும் இருந்தது. வேகமான சண்டைக் காட்சிக்கு அது எந்த மூலைக்கு? பதிவுக்குத் தனியாக உயர்தரம் தேர்ந்தெடுத்தோம். வெளுத்த நிறத்துக்குக் காரணம் ஆர்ஜிபி ரேஞ்ச், அதாவது கறுப்பு முதல் வெள்ளை வரையிலான நிற அளவு. பிஎஸ்4 ஒன்றை அனுப்ப ஓபிஎஸ் வேறொன்றாகப் படித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் லிமிடெட் என்று வைத்ததும் கறுப்பு கறுப்பாக வந்தது.

படம் ஒரு படி தேறியது. ஆனால் அசைவில் கட்டங்கள் போகவில்லை. ஓட்டமும் தடங்கித் தடங்கி இருந்தது. தம்பி அந்தக் கோப்பை விஎல்சி வீடியோ பிளேயரில் திறந்து ‘ஈ’ பட்டனைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினான். ஒரே படம் இரண்டு முறை, அடுத்த படம் இரண்டு முறை. கோப்பில் 60 என்று இருக்கிறது, உண்மையில் 30 படம்தான், ஒவ்வொன்றும் இரட்டை. அவன் எதுவும் பேசவில்லை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தான்.

அதற்குப் பிறகுதான் ஓபிஎஸ்-இல் அந்தக் கார்டின் ப்ராப்பர்டீஸைத் திறந்து, கஸ்டம் கொடுத்து, கார்டு என்னென்ன தருகிறது என்று வரிசையாகப் பார்த்தேன். 1080-இல், படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக் வடிவில் அதிகபட்சம் 30. சுருக்காத ஒய்யூஒய்2 வடிவில் வெறும் 5. 60 வேண்டுமென்றால் 720-க்கு இறங்க வேண்டும். எந்த செட்டிங்கை மாற்றினாலும் 1080-இல் 60 வராது, கார்டுக்குள் அது இல்லவே இல்லை.

காரணம் எளிய கணக்கு. 1080 படத்தைச் சுருக்காமல் நொடிக்கு 60 அனுப்பினால் ஏறக்குறைய 249 மெகாபைட். யூஎஸ்பி 2-இன் வேகம் காகிதக் கணக்கிலேயே நொடிக்கு 60 மெகாபைட்தான். அதனால் இந்த வகைக் கார்டு ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காக நசுக்கி அனுப்புகிறது. அசைவில் கட்டம் விழுவது அதனால்தான். ‘ஆனால் இது யூஎஸ்பி 3 ஆச்சே’ என்று போன் டார்ச்சை அடித்து பிளக்கின் உள்ளே பார்த்தேன். எங்கள் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் கேபிளில் முன்னால் 4, பின்னால் 5 என்று 9 உலோகப் பின்கள் இருக்கின்றன. இந்தக் கார்டில் 4 மட்டும். நீல பிளாஸ்டிக்கை வைத்து யூஎஸ்பி 2-ஐ விற்றிருக்கிறார்கள்! பெட்டியில் போட்டிருந்த ‘4கே 60’ எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குக் கடந்து போகிற படத்துக்கு. பதிவுக்கு அல்ல. அதே பெட்டியின் பின்புறம் கடைசி வரியில், எறும்பு சைஸில், 1080 30 என்று அச்சடித்திருக்கிறது.

ஆயிரம் ரூபாய் டாங்கிளில் இருக்கிற அதே சங்கதியைப் பெரிய டப்பாவில் போட்டு 6,490 ரூபாய்.

போன் செய்தேன். அதே குரல்தான், ஆனால் இப்போது ‘சிஸ்டர்’ இல்லை, ‘மேடம்’. “செட்டிங்ஸ் ப்ராப்ளம் மேடம்.” எல்லா செட்டிங்கையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். மறுநாள், “உங்க லேப்டாப் வீக் மேடம்.” தம்பியின் நண்பன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து அதே பட்டியலை வீடியோவாக அனுப்பினேன். “டெக்னிக்கல் டீம் 24 மணி நேரத்துல கூப்பிடுவாங்க.” ஆறு நாள் ஆயிற்று, யாரும் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டபோது வேறொருவர் எடுத்தார். “ஓப்பன் பண்ண ஐட்டம் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம், ரீப்ளேஸ்மென்ட் மட்டும்தான். அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா?” அதே கார்டை மாற்றி அதே கார்டையே தந்தால் என்ன பயன் என்றேன். “60 வரும்னு எங்க சைட்ல எழுதியிருக்கா மேடம்?” என்றார்.

இல்லை. எழுதவில்லை. வாயால்தான் சொன்னார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் குரலில் தயக்கமே இல்லை. இதே கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டிருப்பாரோ!

இணைய வர்த்தகத்துக்கான 2020 நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி குறைதீர் அலுவலர் பெயரைத் தளத்தில் போட வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இவர்கள் தளம் முழுக்கத் தேடினேன், அப்படி ஒரு பெயரே இல்லை. இதை எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. மதியத்துக்குள் பிளாக்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை, கை நடுங்குகிறது. அவசரமாக இவ்வளவு மட்டும் சொல்கிறேன். ‘4கே’ என்ற எழுத்தைப் பார்க்காதீர்கள், பதிவு எத்தனை என்று கேளுங்கள். போனில் கேட்காதீர்கள், மெசேஜில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஓபிஎஸ்-இல் அந்தக் கார்டின் பட்டியலில் 1080-க்கு நேராக 60 தெரிகிற ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். நீலத்தை நம்பாதீர்கள், பின்னை எண்ணுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று மாலை புகார் கொடுத்திருக்கிறேன். யூபிஐ ரசீது, ஸ்கிரீன்ஷாட், நாலு பின் போட்டோ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். 6,490 ரூபாயும் திரும்ப வரும் வரை விடப்போவதில்லை. தம்பி இப்போது பக்கத்து அறையில் 720-க்கு இறக்கி 60 வைத்துப் பதிவு செய்துகொண்டிருக்கிறான். ஃபிரேம் எண்ண முடிகிறது, ஆனால் கிங்கின் முகம் கலங்கலாகத்தான் தெரிகிறது.