ஹார்வர்டின் ஐரோப்பிய ஆய்வு மையம்: உரை கேட்கப் போகலாமா?

பாஸ்டன், கேம்பிரிட்ஜ் பக்கம் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹார்வர்டில் படிக்காதவர்களும் வேலை பார்க்காதவர்களும் இந்த மையத்தின் பொது நிகழ்ச்சிகளுக்குத் தாராளமாகப் போகலாம். கட்டணம் கிடையாது. யார் வரலாம், முன்பதிவு வேண்டுமா என்பதை அந்தந்த நிகழ்ச்சி அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், பல்கலைக்கழக அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் என்று சில இருக்கும். நான் ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவள், அரசியல் படித்தவள் இல்லை. ஐரோப்பாவைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இங்கே பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டதுதான்.

முழுப்பெயர் மிண்டா டி குன்ஸ்பர்க் ஐரோப்பிய ஆய்வு மையம். 1969-இல் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஸ்டான்லி ஹாஃப்மன் வியன்னாவில் பிறந்தவர், நாஜிகள் ஆக்கிரமித்த பிரான்சில் ஒளிந்து பிழைத்தவர். கைடோ கோல்ட்மனுடையது ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதக் குடும்பம். அந்த இருவரும் வாழ்நாள் முழுக்க ஐரோப்பாவையும் ஜெர்மனியையும் புரியவைப்பதிலேயே இருந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடுகிறது.

நிகழ்ச்சி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். ஒருவர் பேசுவார், இன்னொருவர் அதற்குப் பதில் கருத்துச் சொல்வார், அப்புறம் கேள்வி நேரம். நான் போவதே அந்தக் கேள்வி நேரத்துக்காகத்தான்.

ஜெர்மனியின் கடன் வரம்பு பற்றிய ஓர் உரை நன்றாக நினைவிருக்கிறது. மத்திய அரசின் கட்டமைப்புப் பற்றாக்குறை (பொருளாதார ஏற்ற இறக்கத்தின் பாதிப்பைக் கழித்துவிட்டுப் பார்க்கும் வரவு செலவு இடைவெளி) நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2009-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். கோவிட் அவசரத்துக்கென்று அனுமதி வாங்கி, செலவழிக்காமல் மிச்சமிருந்த 60 பில்லியன் யூரோ கடன் அனுமதியைப் பின்னால் வந்த அரசு பருவநிலை நிதிக்கு மாற்றியது. அது செல்லாது என்று 2023 நவம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் பட்ஜெட் சண்டையில் கூட்டணி ஆட்சியே உடைந்தது. ஒரு ஆண்டின் அனுமதியை இன்னொரு ஆண்டின் செலவுக்குக் காட்டலாமா என்பது எங்கள் அலுவலகத்தில் மார்ச், ஏப்ரலில் தினமும் வரும் கேள்வி. அதே கேள்வி ஒரு நாட்டின் ஆட்சியை ஆட்டிவிட்டதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கேள்வி நேரத்தில் ஒரு வயதானவர் எழுந்து, "டிரெஸ்டனில் பாலம் விழுந்ததே, இந்தக் கஞ்சத்தனத்தின் பலன்தானே அது?" என்று கேட்டார். 2024 செப்டம்பர் 11 அதிகாலையில் எல்பே ஆற்றில் ஒரு பகுதி இடிந்து விழுந்த கரோலா பாலத்தைத்தான் சொன்னார். பேசியவர் கடன் வரம்பை எதிர்ப்பவர். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அரங்கமே தலையாட்டியிருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. "அது நகராட்சியின் பாலம். கடன் வரம்பு கட்டுப்படுத்துவது மத்திய அரசையும் மாநிலங்களையும். 1971-இல் திறந்த பாலம் அது, கட்டும்போதே உள்ளே இருந்த இரும்பில் அரிப்பு விழுந்துவிட்டது என்கிறது விசாரணை. என் வாதத்துக்கு இந்தப் பாலத்தைச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன்" என்றார். தன் தரப்புக்குச் சாதகமாக வந்ததை வேண்டாம் என்று ஒதுக்கிவைக்கும் ஆளை நேரில் பார்க்க எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். 2025 மார்ச்சில் ஜெர்மனி அந்தக் கடன் வரம்புச் சட்டத்தையே தளர்த்தி, உள்கட்டமைப்புக்கு 500 பில்லியன் யூரோ நிதி ஒதுக்கியபோது, செய்தியைப் படித்து என்னால் வீட்டில் விளக்கிச் சொல்ல முடிந்தது.

கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கர்க்லாண்ட் தெரு 27, அடால்ஃபஸ் புஷ் ஹால். பட்வைசர் பீர் குடும்பத்துப் பணம், ஜெர்மன் கட்டடக் கலைஞர் பெஸ்டெல்மையரின் வரைபடம். ஜெர்மானிய அருங்காட்சியகத்துக்காக 1917-இல் கட்டி முடித்தார்கள். அப்போது ஜெர்மனியோடு போர், 1921 வரை திறக்கவில்லை. ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அனுப்பிய, பழைய ஜெர்மன் சிற்பங்களின் பிளாஸ்டர் வார்ப்புகள் இன்னும் உள்ளே இருக்கின்றன. ஃபிரைபர்க் தேவாலயத்தின் பொன்வாசல் அப்படியே முழு அளவில் நிற்கும். முற்றத்தில் பிரவுன்ஷ்வைக் வெண்கலச் சிங்கத்தின் நகல். 1930-களில் லூயிஸ் ரூபன்ஸ்டைன் தீட்டிய சுவரோவியத்தை விட்டுவிடாதீர்கள். ஜெர்மானியப் புராணக் கதைதான், ஆனால் சவுக்கு பிடித்து அடிமைகளை விரட்டுபவனின் முகத்தில் ஹிட்லரின் சாயல். பேரரசர் கொடுத்த வார்ப்புகள் இருக்கும் அதே கட்டடத்தில், ஹிட்லர் ஆட்சியில் இருக்கும்போதே, அதைத் தீட்டியிருக்கிறார். மையம் இங்கே வந்தது 1989-இல். மண்டபம் திறந்திருந்தால் உரைக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? முன்னாள் அமைச்சர், தூதர் என்று பெரிய பெயர் போட்டிருக்கும் நிகழ்ச்சிகளைவிட, இருபது முப்பது பேர் வரும் சின்னக் கருத்தரங்குகளையே நான் சொல்வேன். பெரிய மனிதர்கள் ஏற்கெனவே பேட்டியில் சொன்னதைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். ஆய்வாளர்கள் இன்னும் முடிக்காத வேலையைக் கொண்டுவந்து வைப்பார்கள், நீங்கள் கேட்கும் கேள்வியைக் குறித்துக்கொள்வார்கள். தலைப்பைப் பற்றி ஒரு செய்திக் கட்டுரையாவது படித்துவிட்டுப் போங்கள். அடிப்படையிலிருந்து தொடங்க மாட்டார்கள்.

காரில் போகாதீர்கள். சுற்றுவட்டாரத்தில் பல தெருக்களில் உள்ளூர்வாசிகளுக்கு மட்டும்தான் நிறுத்த அனுமதி. ரெட் லைனில் ஹார்வர்ட் நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடை. நிகழ்ச்சிகள் கல்வி ஆண்டை ஒட்டியே நடப்பதால் கோடையில் போனால் பெரிதாக எதுவும் இருக்காது. செப்டம்பரில் பட்டியலைப் பாருங்கள். பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பை நெருங்கியிருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள்.